கரணையும் விதையும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் ரகம் கோ 86032. இங்கு மட்டுமல்ல, கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் லட்சக்கணக்கான ஏக்கரில் அது நிற்கிறது. அவ்வளவு கரும்பும் ஒரே ஒரு விதையிலிருந்து முளைத்த ஒரே ஒரு செடியின் தொடர்ச்சி. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கோ 62198 என்ற கரும்பின் பூவில் கோசி 671 என்ற கரும்பின் மகரந்தம் சேர்ந்தது. அதில் விளைந்த விதைகளில் ஒன்று தேறியது. அதற்குப் பிறகு அந்த ரகத்தை விதை போட்டு வளர்ப்பதே கிடையாது. கரும்பை வெட்டிக் கரணையாக்கி நடுகிறோம். கரணையில் உள்ள பரு முளைத்து அடுத்த கரும்பாகிறது. அதை வெட்டினால் அடுத்த கரணை. எத்தனை முறை வெட்டி நட்டாலும் அதே நிறம், அதே கணு, அதே இனிப்பு.

அதே கரும்பைப் பூக்கவிட்டு, விதையெடுத்து முளைக்க வைத்துப் பாருங்கள். ஒரே பூங்கதிரிலிருந்து வந்த நூறு நாற்றும் நூறு விதமாக நிற்கும். ஒன்று தடித்திருக்கும், ஒன்று மெலிந்திருக்கும், ஒன்றில் இனிப்பே இருக்காது. கரணையாக நட்டால் தன்னையே திருப்பித் தருகிற செடி, விதை வழியே போனால் தன்னைப் போன்ற ஒன்றைக்கூடத் தருவதில்லை.

இந்த இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. பள்ளிப் பாடநூலில், செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளான டிஎன்ஏ ஓர் அத்தியாயத்திலும் இனப்பெருக்கம் வேறோர் அத்தியாயத்திலும் கிடக்கின்றன. தனித்தனியாகப் படிப்பதால் இரண்டுமே பிடிபடாமல் போகின்றன. பல ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

வானொலியில் படம் வரைந்து காட்ட முடியாது. அதனால் ஒரே ஓர் உவமை: டிஎன்ஏ என்பது இரண்டு புரிகளை முறுக்கிய கயிறு. ஒவ்வொரு புரியிலும் நான்கு வகை வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பவை அவற்றின் பெயர்கள். அவற்றை நான்கு எழுத்துகள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு புரியில் அடினின் இருக்கும் இடத்துக்கு நேரெதிரே மறு புரியில் தைமின்தான் இருக்கும். குவானினுக்கு எதிரே சைட்டோசின்தான். இந்த இணைகள் மாறுவதில்லை. ஆகவே ஒரு புரியின் வரிசை தெரிந்தால் மறு புரியின் வரிசையைப் பார்க்காமலே எழுதிவிடலாம்.

இந்த வடிவத்தை ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 அன்று 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அதற்கு ஆதாரமாக நின்ற எக்ஸ் கதிர்ப் படங்களும் அளவுகளும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் பிராங்க்ளினின் உழைப்பில் கிடைத்தவை. அவருக்குத் தெரியாமலேயே அவற்றில் ஒரு படம் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1962இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது பிராங்க்ளின் உயிரோடு இல்லை. 1958இல், 37 வயதில் இறந்துவிட்டார். டிஎன்ஏ பற்றிப் பேசும் எவரும் அவர் பெயரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

அந்தச் சிறு கட்டுரையின் கடைசிப் பகுதியில், இந்த இணை அமைப்பைப் பார்த்தாலே மரபுப் பொருள் எப்படி நகலெடுக்கப்படும் என்பதற்கும் ஒரு வழி தோன்றுகிறது என்று இருவரும் குறிப்பிட்டார்கள். புரிகள் இரண்டும் பிரியும். ஒவ்வொன்றின் எதிரிலும் புதிய புரி ஒன்று கட்டப்படும். முடிவில் இரண்டு கயிறுகள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் உயிருள்ள செல்லுக்குள் அப்படித்தான் நடக்கிறது என்று யார் பார்த்தார்கள்? பழைய கயிறு பிரியாமல் முழுதாக அப்படியே இருக்க, அதைப் பார்த்து முற்றிலும் புதிய கயிறு ஒன்று உருவாகலாம். அல்லது பழைய கயிறு துண்டு துண்டாகி, பழையதும் புதியதும் கலந்து இரண்டு கயிறுகளிலும் சேரலாம். இந்த மூன்று வழிகளுமே அன்று சாத்தியமாகத் தோன்றின. எது உண்மை என்று ஐந்து ஆண்டுகள் வாதம் நடந்தது.

வாதத்தை முடித்தவர்கள் மேத்யூ மெசல்சன், பிராங்க்ளின் ஸ்டால் என்ற இரண்டு இளைஞர்கள். 1954 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடற்கரை ஆய்வகத்தில் சந்தித்துப் பழகியவர்கள். பிறகு கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் கால்டெக் நிறுவனத்தில் சேர்ந்து வேலை செய்தார்கள். முடிவு வெளியான 1958இல் இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. உயிரியலில் இதைவிடத் தெளிவாக அமைந்த சோதனையை நான் அறியேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

டிஎன்ஏவில் நைட்ரஜன் இருக்கிறது. சாதாரண நைட்ரஜனின் நிறை 14. நிறை 15 கொண்ட சற்றுக் கனமான நைட்ரஜனும் உண்டு. அது கதிரியக்கம் இல்லாதது, செல்லுக்குத் தீங்கும் செய்யாது. நம் குடலில் வாழும் ஈ கோலை என்ற பாக்டீரியாவை இந்தக் கன நைட்ரஜன் மட்டுமே கலந்த ஊட்டத்தில் 14 தலைமுறைகள் வளர்த்தார்கள். அதன் டிஎன்ஏ முழுவதும் கனமானதாகிவிட்டது. பிறகு ஒரு குறித்த நேரத்தில் அதைச் சாதாரண நைட்ரஜன் ஊட்டத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கணத்துக்குப் பின் கட்டப்படும் எதுவும் இலேசானதாகத்தான் இருக்க முடியும். பழையது கனம், புதியது இலேசு. இனி எடை பார்த்தாலே பழையது எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும்.

ஆனால் எடை வித்தியாசம் மிக மிக நுண்ணியது. அதை அளக்க, சீசியம் குளோரைடு என்ற உப்பின் அடர்ந்த கரைசலில் டிஎன்ஏவைக் கலந்து, நிமிடத்துக்கு 44,770 சுற்று என்ற வேகத்தில் சுமார் 20 மணி நேரம் சுழற்றினார்கள். அந்த வேகத்தில் உப்பே ஒரு பக்கமாக ஒதுங்கி, கரைசலின் அடர்த்தி மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கூடுகிறது. டிஎன்ஏ தன் அடர்த்திக்குச் சமமான இடத்தில் போய் ஒரு மெல்லிய பட்டையாக நின்றுவிடுகிறது. கனமானது கீழே ஒரு பட்டை, இலேசானது மேலே ஒரு பட்டை.

பாக்டீரியா ஒரு முறை பெருகிய பின் எடுத்துப் பார்த்தார்கள். கீழே பட்டை இல்லை. மேலேயும் இல்லை. சரியாக நடுவில் ஒரே ஒரு பட்டை. பழைய கயிறு முழுதாக இருந்திருந்தால் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு பட்டைகள் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அந்த வழி அடிபட்டுப் போனது. இரண்டாம் முறை பெருகிய பின் பார்த்தார்கள். நடுவில் ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை, இரண்டும் சம அளவில். பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்திருந்தால் நடுப் பட்டையே ஒட்டுமொத்தமாக மேலே நகர்ந்திருக்குமே தவிர இரண்டாகப் பிரிந்திருக்காது. அந்த வழியும் போனது. மிஞ்சியது ஒன்றுதான்: பழைய புரி ஒன்று, புதிய புரி ஒன்று. செல்லிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு மகள் செல்லும் தாயின் ஒரு புரியை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறது.

இதன் பொருளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்தக் கன நைட்ரஜன் புரி எத்தனை தலைமுறை ஆனாலும் ஏதோ ஒரு பாக்டீரியாவில் முழுதாக இருந்துகொண்டே இருக்கும். செல் பிரியும்போது செய்தி மட்டும் கைமாறுவதில்லை, பொருளே கைமாறுகிறது.

புரிகள் பிரிய வேண்டும் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுலபமான காரியம் அல்ல. ஏறத்தாழ பத்து இணைகளுக்கு ஒரு முறுக்கு. ஈ கோலையின் டிஎன்ஏவில் சுமார் 46 லட்சம் இணைகள். அப்படியென்றால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறுக்குகள். நகலெடுக்கும் நொதி விநாடிக்கு 1,000 இணை வேகத்தில் ஓடுகிறது; அதற்கு வழிவிட, எதிரே உள்ள முறுக்கு விநாடிக்கு நூறு சுற்று அவிழ வேண்டும். ஒரு முனையில் பிரித்துக்கொண்டே போனால் மறு பக்கம் இறுகிச் சிக்காகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க செல்லில் தனியாக நொதிகள் இருக்கின்றன. அவை புரியை வெட்டி, இறுக்கத்தைத் தளர்த்தி, உடனே மறுபடி ஒட்டிவிடுகின்றன. ஒரு துண்டுகூடச் சிதறாமல் இது நடக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மாத்திரையை நம்மில் பலர் விழுங்கியிருப்போம். அது பாக்டீரியாவின் இந்த நொதியைத்தான் தாக்குகிறது. வெட்டிய புரி ஒட்டாமல் போய் பாக்டீரியா இறந்துவிடுகிறது. நம் செல்லில் உள்ள இதே வேலையைச் செய்யும் நொதி வேறு அமைப்புடையது. அதனால் நாம் பிழைத்துக்கொள்கிறோம்.

நகலெடுக்கும் நொதியைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் கோர்ன்பெர்க். இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், காலம் 1950களின் நடுப்பகுதி. 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த நொதி புதியதொரு கேள்வியைக் கொண்டுவந்தது. டிஎன்ஏவின் இரு புரிகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. நொதியோ ஒரே திசையில்தான் கட்டும். கயிறு பிரியும் முனையை நோக்கி ஒரு புரியில் நொதி தடையில்லாமல் ஓடலாம். மறு புரியில்? அங்கே அது பிரியும் முனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசையில்தான் போக முடியும். ஆனால் பார்ப்பதற்கு இரண்டு புரிகளும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் நோக்கி வளர்வதாகவே தோன்றியது.

இதற்கு விடை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி என்ற கணவனும் மனைவியும் 1960களில் அங்கே ஆய்வு நடத்தினார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவுக்குக் கதிரியக்க அடையாளம் இட்ட, தைமின் அடங்கிய தைமிடினைச் சில விநாடிகள் மட்டும் கொடுத்து, அந்தச் சில விநாடிகளில் கட்டப்பட்ட டிஎன்ஏ எவ்வளவு நீளம் என்று பார்த்தார்கள். துண்டுகள் மிகக் குட்டையாக இருந்தன. 1,000 முதல் 2,000 எழுத்துகள்தான். கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டுப் பார்த்தால் அதே அடையாளம் நீண்ட டிஎன்ஏவில் இருந்தது. ஆக, செல் அந்த மறு புரியைச் சிறு சிறு துண்டுகளாகப் பின்னோக்கிக் கட்டி, பிறகு ஒட்டுகிறது. கயிறு சற்றுப் பிரிந்ததும் ஒரு துண்டு. இன்னும் சற்றுப் பிரிந்ததும் அடுத்த துண்டு. ஒட்டுவதற்கென்று லிகேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பழுதான உயிர்களில் இந்தத் துண்டுகள் ஒட்டாமல் குவிந்து கிடந்ததையும் அவர்கள் காட்டினார்கள். இன்று உலகம் முழுவதும் பாடநூல்களில் அவற்றுக்கு ஒகசாகி துண்டுகள் என்றுதான் பெயர்.

ரெய்ஜி ஒகசாகி ஹிரோஷிமாக்காரர். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு 14 வயது. கதிர்வீச்சு அவர் உடலிலும் பாய்ந்தது. 1975இல், 44ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார். டிஎன்ஏ எப்படிக் கட்டப்படுகிறது என்று காட்டிய மனிதரின் டிஎன்ஏவைத்தான் அந்தக் குண்டு சிதைத்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. சுனேகோ ஆய்வை நிறுத்தவில்லை. ஒவ்வொரு துண்டும், டிஎன்ஏவைப் போன்ற ஆர்என்ஏ என்ற பொருளால் ஆன ஒரு குட்டைத் தொடக்கத்தின் மேல்தான் கட்டப்படுகிறது என்பதை உறுதிப்படுத்தும் வேலையை அவரும் மாணவர்களும் தொடர்ந்து செய்து முடித்தார்கள்.

இனி வேகத்தையும் பிழையையும் பார்ப்போம். மனிதச் செல் ஒன்றில் சுமார் 600 கோடி இணைகள். நீட்டி வைத்தால் இரண்டு மீட்டர். நம் நொதிகள் பாக்டீரியாவுடையதைவிட மிக மெதுவானவை. விநாடிக்கு 50 இணை அளவில்தான் நகர்கின்றன. ஒரு முனையில் தொடங்கி மறு முனைக்குப் போவதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகவே ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் வேலை தொடங்கி, சுமார் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நொதி மட்டும் தனியாக இருந்தால் லட்சம் எழுத்துக்கு ஒன்று பிழையாகும். அதனோடு சேர்ந்த திருத்தும் பகுதி, தவறாகக் கோத்ததைப் பின்வாங்கி வெட்டி எறிகிறது; பிழை நூறு மடங்கு குறைகிறது. அதன்பின் வேறொரு புரதக் கூட்டம் முழுவதையும் தடவிப் பார்த்து, இணை பொருந்தாத இடங்களைச் சரிசெய்கிறது. முடிவில் நூறு கோடிக்கு ஒரு பிழை, அதற்கும் குறைவு. இந்தப் பழுதுபார்க்கும் வேலைகளைக் கண்டறிந்ததற்காக லிண்டால், மாட்ரிச், சான்கார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள்.

பாக்டீரியாவைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக மனமில்லை. நல்ல ஊட்டத்தில் ஈ கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. ஆனால் அதன் டிஎன்ஏவை நகலெடுத்து முடிக்க 40 நிமிடம் வேண்டும். கணக்கு இடிக்கிறது அல்லவா? அந்தச் செல் முதல் நகல் முடியும் முன்பே அந்த நகலின் மேல் அடுத்த நகலைத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும் மகளுக்குள் பேத்தியின் டிஎன்ஏ பாதி எழுதப்பட்டுவிட்டிருக்கும்.

இதுவரை சொன்னது கரணையின் கதை. கரணையின் பருவில் உள்ள செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கிறது, இரண்டாகப் பிரிகிறது, மறுபடி நகலெடுக்கிறது. வாழையின் பக்கக்கன்றும், மஞ்சள் கிழங்கும், வெற்றிலைக் கொடியும் அப்படியே. நம் உடம்பில் காயம் ஆறுவதும் இதே முறையில்தான்.

விதையின் கதை வேறு. அங்கேயும் முதல் வேலை நகலெடுப்பதுதான். ஆனால் நகலெடுத்த பின், செல் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை பிரிகிறது. செல்லில் டிஎன்ஏ தனித்தனிக் கட்டுகளாக இருக்கிறது; அந்தக் கட்டுகளுக்குக் குரோமோசோம்கள் என்று பெயர். மனிதனை எடுத்துக்கொண்டால் 23 இணைக் குரோமோசோம்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. முட்டையிலோ விந்திலோ இணைக்கு ஒன்றுதான் போகும். எது போகும் என்பதில் ஒழுங்கு கிடையாது. இரண்டை 23 முறை பெருக்கினால் 83,88,608 வருகிறது. ஏறக்குறைய 84 லட்சம். உயிர்களில் 84 லட்சம் யோனி பேதம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு எண்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள உதவும். ஓர் ஆளிடமிருந்து மட்டும் இத்தனை வகை. அதுவும் குறைந்தபட்சக் கணக்கு. ஏனென்றால் பிரிவதற்கு முன் தாய் வழிக் குரோமோசோமும் தந்தை வழிக் குரோமோசோமும் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து, இடையிடையே அறுத்துத் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் தாத்தாவின் துண்டும் பாட்டியின் துண்டும் ஒரே குரோமோசோமில் சேர்ந்து உங்களிடம் வந்திருக்கின்றன. அப்படியொரு குரோமோசோம் உங்களுக்கு முன் எவரிடமும் இருந்ததில்லை.

பெண்ணுடலில் இந்த மாற்று எப்போது நடக்கிறது தெரியுமா? அவள் பிறப்பதற்கு முன்பே. பெண் சிசு கருப்பையில் இருக்கும்போதே அதன் சினைப்பையில் முட்டைகளுக்கான செல்கள் டிஎன்ஏவை நகலெடுத்து, குரோமோசோம் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பாதியில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து, முட்டை வெளிப்படும் நேரத்தில்தான் மீதி வேலை தொடர்கிறது. அப்படியென்றால் உங்களை உருவாக்கிய முட்டையின் டிஎன்ஏ எழுதப்பட்டது உங்கள் அம்மா உங்கள் அம்மாச்சியின் வயிற்றில் இருந்தபோது. அந்தப் பாட்டி அந்த மாதங்களில் என்ன உண்டாள், எவ்வளவு உழைத்தாள் என்பதெல்லாம் மூன்று தலைமுறை ஒரே உடலில் இருந்த காலத்தைப் பற்றிய கேள்விகள். கர்ப்பிணிக்கு நல்ல உணவும் ஓய்வும் கொடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லும்போது இதையும் எண்ணிக்கொள்ளலாம்.

ஆணில் கதை நேர்மாறு. விந்துக்கான தாய்ச் செல்கள் வாழ்நாள் முழுதும் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிரியும் ஒவ்வொரு முறையும் நகல். நகலில் எப்போதாவது பிழை. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் சராசரியாக 60, 70 இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தந்தை வழி வந்தவை. தந்தையின் வயது கூடக் கூட அவையும் கூடும். அநேகமாக எதுவும் தீங்கு செய்வதில்லை. குழந்தைக்கு ஒரு குறை என்றால் உடனே தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வழக்கத்துக்கு அறிவியலில் துளியும் இடமில்லை.

கரும்புக்குத் திரும்புவோம். கரும்பு விதை முளைக்கவே முளைக்காது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸிலும் அது முளைக்கும் என்று கண்டுகொண்டார்கள். இந்தியாவில் 1912இல் கோயம்புத்தூரில் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. வட இந்தியாவுக்குத்தான் புதிய கரும்பு அவசரமாகத் தேவைப்பட்டது. ஆனால் அங்கே கரும்பு சரியாகப் பூப்பதில்லை. கோவையின் தட்பவெப்பத்தில் நன்றாகப் பூத்து விதையும் பிடிக்கிறது. சார்லஸ் பார்பரும் தி. சா. வெங்கடராமனும் அங்கே ஒரு துணிந்த காரியம் செய்தார்கள். வெள்ளை என்ற இனிப்புக் கரும்பை, நாணலாக வளரும் உள்ளூர்க் காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். அந்தக் காட்டுச் செடியில் இனிப்பு கிடையாது. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும். அவ்வாறு பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் பஞ்சாப் விவசாயிகள் கைக்குப் போனது. உள்ளூர் ரகங்களைவிட விளைச்சல் பெருமளவு கூடியது.

இந்தக் கலப்பில் ஒரு விந்தை. முட்டையில் பாதிக் குரோமோசோம்தான் போகும் என்று சற்று முன் சொன்னேன். இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள். 40 போக வேண்டும். ஆனால் காட்டுக் கரும்போடு சேரும்போது இனிப்புக் கரும்பின் முட்டை பெரும்பாலும் 80ஐயும் அப்படியே கொடுத்துவிடுகிறது. தந்தைதான் பாதி தருகிறது. இனிப்பு கரைந்து போகாமல், காட்டின் தாங்கும் சக்தி மட்டும் கூடுதலாக வந்து சேர இது உதவியிருக்கிறது. விவசாயிக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன். இன்று நடும் ரகங்களில் 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் இருக்கின்றன.

அவற்றை நுண்ணோக்கியில் எண்ணியவர்களில் முக்கியமானவர் இ. கே. ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகனில் முனைவரானவர். 1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் பணியாற்றினார். காட்டுக் கரும்பில் செடிக்குச் செடி குரோமோசோம் எண்ணிக்கையே வேறுபடுகிறது. 40இலிருந்து 128 வரை போகிறது. நூறுக்கும் மேற்பட்ட நுண்ணிய கோடுகளை, ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதைப் பிரித்துப் பிரித்து எண்ணுவது எப்படிப்பட்ட பொறுமை! கரும்பையும் மக்காச்சோளத்தையுமே அவர் கலப்புச் செய்து பார்த்தார். பிறகு டார்லிங்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளரோடு சேர்ந்து, பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். நம் கல்லூரி மாணவிகளுக்கு இவர் பெயர் இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி எழும். கரணையே போதுமே, கலப்பு எதற்கு? உத்தரப் பிரதேசத்தில் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 2009இல் வெளியான கோ 0238 என்ற ரகம் அங்கே விளைச்சலையும் சர்க்கரைக் கட்டுமானத்தையும் வெகுவாக உயர்த்தியது. கரும்பு நிலத்தின் பெரும்பகுதியில் அது ஒன்றே நின்றது. பிறகு செவ்வழுகல் நோய்ப் பூசணம் அந்த ரகத்தைத் தாக்கும் வழியைக் கற்றுக்கொண்டது. எல்லாச் செடியும் ஒரே செடி என்பதால், ஒன்றை வென்ற பூசணம் எல்லாவற்றையும் வென்றது. பல லட்சம் விவசாயிகள் வேறு ரகத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

இருந்தும் கலப்பே இல்லாமல் வாழும் உயிர்கள் உண்டு. நம் வீட்டுப் பூந்தொட்டி மண்ணைக் கிளறும்போது, மண்புழு என்று எண்ணி ஒதுக்கிவிடும் அந்தச் சின்னக் கரும்பழுப்பு புழுப்பாம்பு அவற்றில் ஒன்று. அதில் இதுவரை பெண்தான் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. பூந்தொட்டி மண்ணோடு ஒரே ஒரு பாம்பு போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஒரு குடும்பம் உண்டாகிவிடும். இப்படியே கப்பலேறி உலகின் வெப்ப நாடுகள் பலவற்றிலும் குடியேறிவிட்டது.

நகல் எவ்வளவு நேர்த்தியானது என்று காட்டிய மேத்யூ மெசல்சன், பின்னாளில் ஹார்வர்டில் இருந்தபோது இதே கேள்வியைத்தான் கையிலெடுத்தார். பாசியிலும் தேங்கிய நீரிலும் வாழும் டெலாய்டு ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத விலங்கில் ஆண் இதுவரை காணப்படவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? 2008இல் மெசல்சனும் சக ஆய்வாளர்களும் அதன் டிஎன்ஏவுக்குள் பாக்டீரியா, பூஞ்சை, தாவரங்களின் மரபணுக்கள் புகுந்திருப்பதைக் கண்டார்கள். நீர் வற்றும்போது அது காய்ந்து போகிறது; டிஎன்ஏ துண்டு துண்டாகிறது; மறுபடி நீர் கிடைக்கும்போது துண்டுகளை ஒட்டிக்கொண்டு எழுகிறது. அப்படி ஒட்டும் நேரத்தில் வெளியே கிடக்கும் டிஎன்ஏவும் உள்ளே சேர்ந்துவிடக்கூடும் என்பது அவர்கள் கருத்து. ஆண் பெண் கலப்பு இல்லாத உயிரும் வேறு வழியில் புதியதைத் தேடிக்கொள்கிறது.

கரும்புக்கு அந்தப் புதியது எங்கிருந்து வரும்? கேரளத்தில், ஜானகி அம்மாளின் சொந்த மாவட்டமான கண்ணூரில், கோவை நிறுவனத்தின் ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் கரும்பு பயிரிடும் வழக்கம் இல்லை. அதனால் கரும்பு நோய்களின் தொல்லையும் குறைவு. பல நாடுகளிலிருந்து சேகரித்த இனிப்புக் கரும்புகளும் காட்டுக் கரும்புகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கோவையில் அடுத்த கலப்புக்கு வேண்டிய குணம் கண்ணூரில் உள்ள செடிகளில் ஏதாவது ஒன்றில் கிடைக்கலாம். அந்தச் செடிகளை விதையாக வைத்திருந்தால் குணம் கலைந்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்தியில், பெயர்ப்பலகையோடு, கரணை வெட்டி நட்டு நட்டுத்தான் காப்பாற்றி வருகிறார்கள்.

நன்றி, வணக்கம்.